நாட்டுக்கோழி என்ற பெயருக்குக் காசு கொடுக்காதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தவர்களும் இதை முழுதாகப் படித்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

உங்களில் பலர் வீட்டில் கோழி வளர்க்கத் தொடங்கியிருக்கிறீர்கள். படம் பார்க்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் படத்துக்குக் கீழே எழுதுகிறீர்களே, அதைப் படித்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது. “நாட்டுக்கோழிக்கு நோயே வராது.” “வெள்ளை முட்டை விஷம்.” “கருங்கோழி முட்டை சாப்பிட்டால் சர்க்கரை இறங்கும்.” எல்லாவற்றுக்கும் மேலே, நம் குடும்பக் குழுவிலேயே ஒருவர் அனுப்பியது: “பள்ளிக்கூடத்தில் கொடுக்கும் முட்டையைப் பிள்ளைகளுக்குத் தராதீர்கள், ஊசி போட்ட முட்டை.” இதில் ஒன்றுகூட உண்மை இல்லை. படித்த பிள்ளைகள் நீங்கள், இதையெல்லாம் அப்படியே அடுத்தவருக்கு அனுப்புகிறீர்கள்.

கணக்கு வாத்தியார் என்பதால் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

வீட்டில் நாலு பேர். ஆளுக்கு ஒன்றுவிட்டு ஒருநாள் ஒரு முட்டை. ஆண்டுக்கு 730 முட்டை வேண்டும். நம் ஊர்ச் சிறுவிடைக் கோழி ஆண்டுக்கு 60 முட்டை இடும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 80 வரை போகலாம். அது சோம்பேறி என்று அர்த்தமில்லை. பத்துப் பதினைந்து முட்டை இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். 21 நாள் அடை. அதன்பிறகு குஞ்சுகளோடு இரண்டு மாதம் திரியும். அதுவரை முட்டை கிடையாது. அது தாய்க்கோழி, தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. 730-ஐ 60-ஆல் வகுத்தால் உங்களுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று கோழி வேண்டும். இரண்டு சென்ட் வீட்டில் எங்கே வைப்பீர்கள்?

முட்டைக்காக வளர்ப்பதென்றால் அதற்கென்று உருவாக்கிய புறக்கடைக் கோழிகள் இருக்கின்றன. ஹைதராபாத்தில் உள்ள மத்திய அரசின் கோழி ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய கிராமப்பிரியா, கொல்லையில் மேய்ந்தபடியே ஆண்டுக்கு 160 முட்டைக்குக் குறையாமல் இடும். அதே நிலையத்தின் வனராஜா 100-க்குக் கொஞ்சம் மேலே இடும், கறிக்கும் ஆகும். நம் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் உருவாக்கிய நந்தனம் கோழிகளும் உண்டு. கிராமப்பிரியா என்றால் ஐந்து கோழி போதும். ஐந்து கோழியை யாராலும் வளர்க்க முடியும்.

“அதெல்லாம் ஒரிஜினல் இல்லையே சார்” என்பீர்கள். ஐ.ஆர். அரிசியை மூணு வேளையும் சாப்பிட்டுவிட்டுக் கோழியிடம் மட்டும் குலம் கோத்திரம் கேட்பது என்ன நியாயம்?

குஞ்சு எடுக்க வேண்டுமா? சிறுவிடைக்கு நிகர் வேறில்லை, ஒன்றிரண்டு வையுங்கள். எந்த வேலைக்கு எந்தக் கோழி என்று பார்த்து வாங்குங்கள் என்றுதான் சொல்கிறேன். கருங்கோழியும் அப்படித்தான். மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதிக் கோழி அது, 2018-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்த மக்களுக்கு அது பெருமை. ஆனால் அது ஆண்டுக்குச் சுமார் 100 முட்டைதான் இடும், அந்த முட்டையும் கருப்பாக இருக்காது. சர்க்கரைக்கு மருந்தும் ஆகாது. மாத்திரையை நிறுத்திவிட்டு அந்த முட்டையைத் தேடி அலையும் சொந்தக்காரர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். கொங்குப் பக்கத்தில் ஈமு வளர்க்கப் பணம் கட்டியவர்கள் 2012-ல் பட்ட பாட்டை அதற்குள் மறந்துவிட்டோமா?

அடுத்து ஓட்டின் நிறம். வெள்ளையா பழுப்பா என்பது கோழியின் இனத்தைப் பொறுத்தது. உள்ளே இருக்கும் சத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. மஞ்சள் கருவின் நிறம் தின்ற தீனியைப் பொறுத்தது. கீரையும் மக்காச்சோளமும் தின்றால் அடர்ந்த நிறம் வரும். கூண்டில் அடைத்து வளர்க்கும் கோழிகளிலும் பழுப்பு முட்டை இடும் இனங்கள் உண்டு. அதை “நாட்டு முட்டை” என்று இரண்டு மூன்று மடங்கு விலைக்குத் தருகிறார்கள். வெள்ளை முட்டையைத் தேயிலைச் சாயத்தில் நனைத்து விற்றவர்கள் பிடிபட்ட செய்தியும் பத்திரிகையில் வந்ததுதான். ஓட்டின் நிறத்துக்குக் காசு கொடுக்கும் ஆள் இருக்கும்வரை சாயம் பூசும் ஆளும் இருப்பான்.

இனி, எனக்கு உண்மையிலேயே வயிறு எரிகிற விஷயம். “நாட்டுக்கோழிக்கு நோய் வராது” என்று யார் சொன்னது? ஒவ்வொரு கோடையிலும் ஊர் ஊராகக் கோழிகள் கழுத்து திருகி, இறக்கை தொங்கி, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து சாகின்றனவே, அவை எந்த நாட்டுக் கோழி? வெள்ளைக்கழிச்சலுக்கு ராணிக்கெட் என்றும் பெயர். இன்றைய உத்தரகண்டில் இருக்கும் ஒரு மலையூரின் பெயர் அது. இந்தியாவில் 1920-களில் இந்நோய் கண்டறியப்பட்ட ஊர் அதுதான். வந்தபின் மருந்து கிடையாது. வருமுன் தடுக்க எளிய தடுப்பூசி இருக்கிறது. குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, நாலாம் வாரம் மறுபடி சொட்டு, எட்டாம் வாரம் இறக்கையில் ஊசி. பிப்ரவரியில் கால்நடைத் துறை இரண்டு வாரம் இலவச முகாமே நடத்துகிறது. கோழியை எடுத்துக்கொண்டு போக நமக்குத்தான் வெட்கம்.

ஒரு குப்பி மருந்து நூறு கோழிக்கு மேல் வரும். கலக்கிவிட்டால் ஓரிரு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். ஐந்து கோழிக்காக ஒரு குப்பி வாங்க யோசனையாகத்தான் இருக்கும். தெருவில் கோழி வைத்திருப்பவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரே நாளில் போடுங்கள். ஐஸ் வைத்து எடுத்து வாருங்கள், வெயில் ஏறுமுன் முடியுங்கள். பக்கத்து வீட்டுக் கோழிக்கு வந்தால் உங்கள் கோழிக்கும் வரும்.

வாங்கும்போது ஏமாறாதீர்கள். முட்டையிடும் பெட்டைக்குக் கொண்டையும் தாடியும் நல்ல சிவப்பாக, மினுமினுப்பாக இருக்கும். பின்புறம் ஆசனவாய்க்கு இருபக்கமும் இரண்டு மெல்லிய எலும்பு தட்டுப்படும். அவற்றுக்கு இடையே இரண்டு மூன்று விரல் வைக்க இடம் இருந்தால் முட்டையிடுகிறது என்று பொருள். ஒரு விரல்தான் போகிறது, கொண்டையும் வெளிறிச் சுருங்கியிருக்கிறது என்றால் விற்பவர் சொல்வதை நம்பாதீர்கள். இன்னொன்று, முட்டையிடச் சேவல் தேவையில்லை. குஞ்சு எடுக்கத்தான் சேவல் வேண்டும். டவுனில் இருப்பவர்கள் சேவலைத் தவிர்த்தால் பக்கத்து வீட்டாரோடு உறவு நீடிக்கும்.

தீனி. மீந்த சோற்றை மட்டும் போட்டுவிட்டு “முட்டையே இடலை” என்று புலம்பினால் கோழி என்ன செய்யும்? ஒரு முட்டை ஓட்டில் மட்டும் சுமார் 2 கிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அது சோற்றிலிருந்து வராது. கம்பு, உடைத்த மக்காச்சோளம், தவிடு, கடலைப் புண்ணாக்கு, கீரை, இவற்றோடு தனிக் கிண்ணத்தில் கிளிஞ்சல் தூள் வையுங்கள். கிளிஞ்சல் கிடைக்காவிட்டால் முட்டை ஓட்டையே வறுத்துப் பொடித்துப் போடலாம். ஒரு கோழிக்கு ஒரு நாளைக்குச் சுமார் 100 கிராம் தீனி. ஐந்து கோழிக்கு மாதம் 15 கிலோ. கிலோ 30 ரூபாய் என்று வைத்தால் 450 ரூபாய். மாதம் 60 முட்டை கிடைத்தால் ஒரு முட்டை ஏழரை ரூபாய். பாதித் தீனி கொல்லையிலும் அடுப்படியிலும் கிடைத்தால்தான் அது பாதியாகும். ஆகவே “கோழி வளர்த்தால் லட்சம் லட்சமாக லாபம்” என்று வீடியோ போடுகிறவர்களைக் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். என்ன தின்றது, எப்போது இட்டது என்று தெரிந்த முட்டை வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்கிறது. லாபம் அதுதான்.

கிடைத்த முட்டையை வேகவைத்துக் கொடுங்கள். வயதுக்கு வந்த பெண் பிள்ளைக்குப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. பிள்ளைக்குச் சத்து சேரட்டும் என்ற அக்கறை நல்லது. ஆனால் வெந்த முட்டையின் புரதம்தான் உடம்பில் நன்றாகச் சேரும். பச்சை முட்டையில் வயிற்றைக் கெடுக்கும் கிருமி இருக்கலாம். கொல்லைக் கோழியின் முட்டைக்கும் இது பொருந்தும்.

கடைசியாகப் பள்ளிக்கூட முட்டை. சத்துணவில் 1989-ல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று தொடங்கியது, இன்று பள்ளி நாள் ஐந்திலும் கிடைக்கிறது. திங்கட்கிழமை காலையில் வெறும் வயிற்றோடு வரும் பிள்ளைகளை முப்பது ஆண்டு பார்த்தவன் நான். வெள்ளை முட்டை இடும் பண்ணைக் கோழி ஆண்டுக்கு 300 முட்டை இடுவது ஊசியால் அல்ல. பல தலைமுறையாகத் தேர்ந்தெடுத்த இனம், சரியான தீனி, கணக்கான வெளிச்சம். பண்ணைகள் மேல் குறை சொல்லவேண்டுமானால் உண்மையான குறை இருக்கிறது. ஒரு ஏ4 தாள் அளவுகூட இடம் தராத கூண்டைக் கேளுங்கள். தேவையில்லாமல் கொடுக்கும் ஆன்டிபயாடிக்கைக் கேளுங்கள். கொலிஸ்டின் என்ற மருந்தை உணவுக்கான கால்நடைகளுக்குக் கொடுக்கக்கூடாது என்று 2019-ல் மத்திய அரசே தடை போட வேண்டிவந்தது. அதையெல்லாம் விட்டுவிட்டு, ஏழைப் பிள்ளையின் தட்டில் இருக்கும் முட்டையை விஷம் என்று சொல்லாதீர்கள். அதை அனுப்பும் உங்கள் பிள்ளைக்கு வீட்டில் பாலும் பாதாமும் இருக்கிறது. அதை நம்பித் தட்டிலிருந்து முட்டையை ஒதுக்கும் பிள்ளைக்கு மாற்றாக ஒன்றும் இல்லை.

ஆகவே இரண்டு வேண்டுகோள். இடம் இருப்பவர்கள் ஐந்து கோழி வையுங்கள். பெயரைப் பார்க்காமல் வேலையைப் பார்த்து வாங்குங்கள், தடுப்பூசி போடுங்கள். இடம் இல்லாதவர்கள் கடையில் வெள்ளை முட்டையைத் தைரியமாக வாங்கி, மிச்சக் காசில் கூட நாலு முட்டை வாங்குங்கள்.

மாறுபட்ட கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள். தாராளமாகச் சண்டை போடலாம். ஆனால் விடையை மட்டும் எழுதினால் மார்க் கிடையாது; வழிமுறையும் வேண்டும்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்