உயர்வு தாழ்வு அறியாத கற்கள்

டென்மார்க்கு தேசத்தின் தென்பகுதியில், யூட்லாந்துத் தீபகற்பத்திலே, கிறிஸ்தியான்ஸ்பெல்ட் என்னும் சிற்றூர் ஒன்று உண்டு. ஏறக்குறைய மூவாயிரம் மக்கள் வாழும் இவ்வூரில் வானளாவிய கோபுரமோ, பொன் வேய்ந்த மண்டபமோ இல்லை. ஆயினும், 2015ஆம் ஆண்டில் யுனெஸ்கோ தாபனம் இதனை உலக மரபுரிமைத் தலங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. அதற்குக் காரணம் யாதென நோக்குவோம்.

பொகீமியச் சமயச் சீர்திருத்தவாதியான யான் ஹுஸ் என்பார் 1415இல் தீயிலிடப்பட்டு உயிர்நீத்தார். அவர் வழிவந்த மொறேவியச் சகோதரர்கள், துன்புறுத்தலுக்குத் தப்பி, ஜேர்மனியிலே சின்சென்டோர்ப் பிரபுவின் நிலத்திற் புகலடைந்து, 1722இல் ஹெர்ன்ஹூட் என்னும் ஊரை அமைத்தனர். அங்கிருந்து பல திசைகளுக்கும் சென்ற இவர்கள், 1760இல், அந்நாளில் டேனியர் வசமிருந்த தரங்கம்பாடிக்கும் வந்தனர். கைத்தொழிலில் வல்லவரான இவர்களைத் தன் நாட்டிற் குடியேற்ற விரும்பிய டென்மார்க்கு மன்னன் ஏழாம் கிறிஸ்தியான், சமய சுதந்திரமும் வரிவிலக்கும் அளித்தான். 1773இல் ஊர் எழுந்தது. மன்னன் பெயரே ஊர்ப்பெயராயிற்று.

ஒன்றுக்கொன்று இணையாகச் செல்லும் இரு வீதிகள். நடுவிலே திருச்சபைச் சதுக்கம். மஞ்சட் செங்கல்லும் சிவந்த ஓடும் கொண்ட எளிய வீடுகள். மணமாகாத ஆடவருக்கும், மணமாகாத மகளிருக்கும், கைம்பெண்களுக்கும் தனித்தனிப் பெருமனைகள் அமைந்தன. மகளிர் மனையை மகளிரே நிருவகித்தனர். பதினெட்டாம் நூற்றாண்டில் இஃது அரிய செய்தியன்றோ! வழிபாட்டு மண்டபத்திற் பீடமும் இல்லை, பிரசங்க மேடையும் இல்லை. வெண்சுவர்களும் வெண்ணிற வாங்குகளுமே உள. தரையில் நுண்மணல் தூவப்பட்டிருக்கும்.

இவ்வூரின் உள்ளத்தை அறிய விரும்புவோர் 'கடவுளின் வயல்' எனப்படும் அடக்கச் சாலைக்குச் செல்லல் வேண்டும். அங்கே மகளிர் கிழக்கிலும் ஆடவர் மேற்கிலுமாக, இறந்த வரிசைப்படியே அடக்கஞ் செய்யப்படுகின்றனர். குடும்பத்துக்கெனத் தனியிடம் கிடையாது. செல்வருக்கும் வறியவருக்கும் ஒரே மாதிரியான கல். அதுவும் நிமிர்ந்து நில்லாது நிலத்தோடு படுத்திருக்கும் கல். 1864ஆம் ஆண்டுப் போரின் பயனாக இவ்வூர் ஜேர்மனியர் ஆட்சிக்குட்பட்டு, 1920இல் டென்மார்க்குடன் மீண்டும் சேர்ந்தது. கொடிகள் மாறின, கற்களின் ஒழுங்கு மாறவில்லை.

இச்சமத்துவம் எளிதிற் கிடைத்ததன்று. அந்நாளைய மொறேவியர் திருமணத்துக்குங்கூடத் திருவுளச்சீட்டு இட்டுப் பார்த்தனர். இளைஞரின் விருப்பம் கூட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் அடங்கியிருந்தது. இதனை நாம் முழுவதும் போற்றுதல் இயலாது. எனினும், தாம் நம்பியதைச் செங்கல்லிலும் மணலிலும் கல்லறையிலும் ஒருங்கே எழுதிவைத்த உறுதியைப் போற்றாதிருத்தலும் இயலாது.

மனிதர் யாவரும் சமம் என மேடைகளிலே முழங்குவோர் எந்நாட்டிலும் பலர். அவ்வுரையைக் கேட்கும் மாணவர்கள், பேசுவோரின் வீதியையும் மன்றையும் இடுகாட்டையும் ஒருமுறை சென்று பார்ப்பாராக. சொல்லின் உண்மை அங்கே விளங்கும்.