இணைக்கத் தெரியும், பிரிக்கத் தெரியுமா?

அல்வாலில் புதிய செல்போன் எண் வாங்குவது இன்று ஒரு டீ குடிக்கும் நேரத்து வேலை. கடைக்காரர் ஆதார் எண்ணைக் கேட்கிறார், முகத்தைப் படம் பிடிக்கிறார், சிம் கார்டை நீட்டுகிறார். வீடு போய்ச் சேர்ந்த சற்று நேரத்தில் எண்ணுக்கு உயிர் வந்துவிடுகிறது. டெலிபோனுக்கு விண்ணப்பித்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த தலைமுறைக்கு இது அதிசயம்தான்.

ஆனால் ஒரு எண் எப்படிச் சாகிறது என்று யாரும் கேட்பதில்லை. ரீசார்ஜ் செய்யாமல், பயன்படுத்தாமல் விட்டால் ஒருநாள் அது துண்டிக்கப்படும். குறைந்தது 90 நாட்கள் ஒதுக்கி வைக்கப்படும். பிறகு வேறொருவர் கைக்குப் போகும். 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் சொன்னது இதைத்தான். பத்து இலக்க எண்கள் அள்ள அள்ளக் குறையாதவை அல்ல. ஆகவே மறுபடி கொடுப்பதைக் குறைசொல்ல முடியாது. பழைய எண்ணில் இருக்கும் வாட்ஸ்அப் தகவல்களை நீக்கி, தன் அந்தரங்கத்தைக் காத்துக்கொள்வது முன்னாள் சந்தாதாரரின் பொறுப்பு என்று நீதிமன்றமும் கூறிவிட்டது.

முன்னாள் சந்தாதாரர் உயிரோடு இருந்தால் சரி. அல்வால், பொல்லாரம் பக்கம் ஓய்வு பெற்றவர்கள் அதிகம். பிள்ளைகள் சென்னையிலோ அமெரிக்காவிலோ இருப்பார்கள். பெரியவர் காலமானதும் அவருடைய போன் பீரோவுக்குள் போய்விடுகிறது. ஆனால் பென்ஷன் கணக்கு, கேஸ் இணைப்பு, இன்ஷூரன்ஸ் எல்லாமே அந்த எண்ணோடுதான் கட்டப்பட்டிருக்கின்றன. சில மாதம் கழித்து எங்கோ ஒரு கல்லூரி மாணவிக்கு அந்த எண் கிடைக்கிறது. வங்கியின் ஓ.டி.பி. அவளுக்குப் போகிறது. கடன் வசூலிப்பவர்களின் வசவும் அவளுக்கே. இருவருமே தவறு செய்யாதவர்கள்.

தவறு எங்கே? நெட்வொர்க் வேலைகளைக் கம்ப்யூட்டரிடம் ஒப்படைக்கத் திட்டம் போடுகிறவர்கள் பெரும்பாலும் தொடங்கும் இடத்தில். ஒரு சேவைக்குப் பல கட்டங்கள் உண்டு. கேட்பது, வடிவமைப்பது, இணைப்பது, கண்காணிப்பது, மாற்றுவது, பழுது பார்ப்பது, கடைசியில் பிரிப்பது. இதை ஆங்கிலத்தில் 'சர்வீஸ் லைஃப்சைக்கிள்' என்கிறார்கள். மொழிபெயர்க்கும்போது 'சேவையின் வாழ்க்கைச் சுழற்சி' என்று எழுதிவிட்டுப் போகலாம். செல்போன் எண் விஷயத்தில் அந்தச் சுழற்சி உண்மையாகவே சுழல்கிறது. இருந்தும் திட்டத்தில் முதல் பணமும் முதல் மூளையும் போவது இணைப்பதற்குத்தான். ஏனென்றால் வருமானம் அங்கே ஆரம்பிக்கிறது. பிரிப்பதில் வருமானம் நின்றுபோகிறது.

பழைய டெலிபோன் இலாகாவைத் திட்டாதவர்கள் இல்லை. ஆனால் போனைத் திருப்பிக் கொடுப்பதற்கென்று அங்கே ஒரு நடைமுறை இருந்தது. விண்ணப்பம் எழுதி, பாக்கியைக் கட்டி, கருவியை ஒப்படைத்தால் டெபாசிட் திரும்பும். இழுத்தடிப்பார்கள், ஆனால் முடித்துவைப்பார்கள். எந்தத் தூணிலிருந்து எந்த வீட்டுக்கு எந்தக் கம்பி போகிறது என்பது லைன்மேனுக்கு மனப்பாடம். அவர் தலையில் இருந்த அந்தக் கணக்கை முதலில் கம்ப்யூட்டரில் ஏற்றிச் சரிபார்க்காமல் அவர் வேலையை மட்டும் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தால், பிழைகளும் மின்னல் வேகத்தில் பரவும்.

பிரிப்பதைத் தானியங்கியாக்குவது எத்தனை நுட்பமான வேலை என்பதற்குப் பெரிய உதாரணம் 2025 அக்டோபர் 20 அன்று கிடைத்தது. ஹைதராபாத்திலும் 2022 நவம்பரிலிருந்து கம்ப்யூட்டர் மையங்களை நடத்தும் அமேசானின் அமெரிக்கக் கிளை ஒன்றில், வர்ஜீனியாவில் அது நிகழ்ந்தது. இணையப் பெயர்களுக்கு உரிய முகவரிகளைத் தானாகப் புதுப்பிக்கும் புரோகிராம்கள் அங்கே உண்டு. ஒன்று தாமதமாகி, பழைய பட்டியலைப் புதியதன் மேல் ஏற்றிவிட்டது. அதே சமயம் இன்னொன்று துப்புரவில் இறங்கியது. 'இது பழசு' என்று அந்தப் பட்டியலை அழித்தது. முக்கியமான தகவல் கிடங்குச் சேவை ஒன்றுக்கு முகவரியே இல்லாமல் போயிற்று. உலகெங்கும் பல ஆப்கள் முடங்கின. புரோகிராமால் தன்னைச் சரிசெய்துகொள்ள முடியவில்லை. மனிதர்கள்தான் கை வைக்க வேண்டியிருந்தது. பழையது பயன்பாட்டில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அழிக்க வேண்டும் என்ற பாடம் எளிமையானதுதான். விலைதான் அதிகம்.

இந்தியாவிலும் பாடம் தாமதமாகவே படிக்கப்படுகிறது. யு.பி.ஐ. 2016-ல் பிறந்தது. ஓராண்டு பயன்படுத்தாத யு.பி.ஐ. அடையாளங்களுக்குப் பணம் வருவதை நிறுத்தும்படி அதை நடத்தும் என்.பி.சி.ஐ. 2023-ல் சொன்னது. நிரந்தரமாகத் துண்டிக்கப்பட்ட எண்களுக்கென்று ஒரு பட்டியல் உண்டு. அதைப் பயன்படுத்தி வாடிக்கையாளர் விவரங்களைச் சுத்தம் செய்யும்படி வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியது 2025 ஜனவரியில். வாரத்துக்கு ஒரு முறையாவது செய்யுங்கள் என்று என்.பி.சி.ஐ. வைத்த கெடு 2025 மார்ச் 31. பிறப்புக்கும் இறப்புப் பதிவேட்டுக்கும் நடுவே ஒன்பது ஆண்டுகள்.

வேகம் மட்டுமே புத்திசாலித்தனம் அல்ல என்பதை டிராய் ஒரு விஷயத்தில் காட்டியது. சிம் கார்டை மாற்றிய ஏழு நாட்களுக்குள் அந்த எண்ணை வேறு நிறுவனத்துக்குக் கொண்டுபோக முடியாது என்ற விதி 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிறது. கம்ப்யூட்டருக்கு ஏழு நாள் தேவையில்லை. மோசடியைக் கண்டுபிடிக்க மனிதனுக்குத் தேவை. எங்கே நிதானிக்க வேண்டும் என்பதும் திட்டத்தின் ஒரு பகுதிதான்.

ஆகவே உங்கள் அலுவலகத்தில் யாராவது நெட்வொர்க்கைத் தானியங்கியாக்குகிறேன் என்று படம் போட்டு விளக்க வந்தால், கடைசிப் பக்கத்தை முதலில் காட்டச் சொல்லுங்கள். வேலையை விட்டுப் போனவரின் அனுமதி எப்போது ரத்தாகும்? மூடிய கிளையின் இணைப்பை யார் அணைப்பார்கள்? அணைத்தது தவறென்றால் எப்படி மீட்பது? அந்தப் பக்கம் வெற்றாக இருந்தால் திட்டம் இன்னும் முடியவில்லை.

அதுவரை வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அப்பாவின் எண் எங்கெங்கே கொடுக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு தாளில், அவர் இருக்கும்போதே, அவரிடமே கேட்டு எழுதி வையுங்கள்.