பாற்பல்தானே என்று விடலாமா?

"விழப்போகிற பல்லுக்கு வைத்தியர் எதற்கு?" என்று நம் வீடுகளிற் கேட்பதுண்டு. பாற்பற்கள் 20, அவற்றுட் கடைசியானவை விழ ஏறக்குறைய 12 வயதாகும். அதுவரை, பின்வரும் பல்லுக்குரிய இடத்தை அவையே காத்து நிற்கின்றன. சூத்தையால் ஒன்றைக் காலத்துக்கு முன் பிடுங்கினால், அயற்பல் சாய்ந்து அவ்விடத்தைப் பிடித்துக்கொள்ளும். புதுப்பல் கோணலாய் முளைக்கும். பிடுங்கியே தீரவேண்டுமாயின், சிறுவர் பல் வைத்தியர் சிறு கம்பி வளையமொன்றைப் பொருத்தி அவ்விடத்தைக் காப்பார்.

பெற்றோர் பெரிதும் ஏமாறும் இடம் வேறொன்று. 6 வயதளவில், பாற்பல் வரிசையின் பின்னே, எந்தப் பல்லும் விழாமலே, நிலையான கடைவாய்ப்பல் வந்துவிடுகிறது. தாய்மார் அதனையும் பாற்பல்லென்றே எண்ணிவிடுகின்றனர். அதனை இழந்தால் வேறு முளையாது! அப்பல்லின் ஆழ்ந்த பள்ளங்களை மெல்லிய பூச்சினால் அடைத்துவிட்டால், அங்கே சூத்தை பற்றுவது பெரிதும் குறையும்.

நோவு கண்டபின் கொண்டுசெல்லப்படும் பிள்ளை முதலிற் காண்பது குறட்டை. பிறகு அந்த நாற்காலியென்றாலே அஞ்சும். நோவில்லாத நாளிற் சென்று பழகிய பிள்ளையோ தானாகவே வாய்திறக்கும்.

நியூசிலாந்து 1921இலேயே பாடசாலைப் பிள்ளைகளுக்கெனப் பல் தாதியரைப் பயிற்றத் தொடங்கியது. மகரகமவிலுள்ள பயிற்சிப் பள்ளியும் அந்நாட்டின் துணையோடு எழுந்ததே. பாடசாலைப் பல் சிகிச்சை நிலையம் அருகிலிருப்பின், முதலாம் வகுப்புப் பிள்ளையை இத்தவணையிலேயே அழைத்துச் சென்று, அக்கடைவாய்ப்பல்லைக் காட்டி வருவோமாக.