காயம் பட்டால்தான் இளையவனுக்கு இடமா?

2025 ஐபிஎல் தொடரில் சென்னை சுப்பர் கிங்ஸ் ஆடிய 14 போட்டிகளில் 10இல் தோற்றது. பத்து அணிகளில் பத்தாமிடம். ஐந்து தடவை கிண்ணம் வென்ற அணி கடைசி இடத்தில் முடித்தது அதுவே முதல் தடவை. காரணங்கள் பல சொல்லப்பட்டன. ஏலத்தில் ஆள் தெரிவு சரியில்லை, அணித்தலைவர் ருதுராஜ் கெய்க்வாட்டின் முழங்கையில் முறிவு, டோனிக்கு வயது 43. இவை எல்லாவற்றிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இவற்றுக்கெல்லாம் அடியில் ஒரு பழக்கம் இருக்கிறது. அந்த அணியில் யாராவது காயப்பட்டால்தான் ஓர் இளையவனுக்கு இடம் கிடைக்கிறது.

இலங்கை மலையகத்தில், பொல்பிட்டியவில் இருக்கும் நான் ஏன் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்? சென்னை எங்களுக்கு வெறும் அயல்நாட்டு அணி அல்ல. பாட்டன் தேயிலைத் தோட்ட வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த குடும்பத்தில் பிறந்த முரளிதரன், 2008 முதல் 2010 வரை அந்த மஞ்சள் சட்டையில் பந்து வீசினார். அதன் பின் கண்டியிலிருந்து மதீஷ பத்திரன போனார். இரவு ஏழரைக்குப் போட்டி தொடங்கினால் லயத்தின் ஒரு வீட்டில் நாலு வீட்டுப் பொடியன்கள் கூடுவார்கள். மே மாத மழை தகரக் கூரையில் அடிக்கிற அடியில் வர்ணனை காதில் விழாது. ஓட்ட எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். பாடசாலையில் கற்பித்து ஓய்வு பெற்ற நான், மாலை வேளைகளில் எங்கள் பகுதி மென்பந்துக் கழகப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன். ஆகவே அந்த அணியின் தோல்வியை நான் பிள்ளைகளோடு பிள்ளையாக இருந்து பார்த்தவன்.

அந்தப் பருவத்தின் நடுப்பகுதியைப் பாருங்கள். முதல் போட்டியில் மும்பையை வென்ற அணி, அடுத்து ஐந்து போட்டிகளில் தொடர்ந்து தோற்றது. பெங்களூர் அணி 2008க்குப் பிறகு முதல் தடவையாகச் சென்னையை அதன் சொந்த மைதானமான சேப்பாக்கத்தில் வென்றது. ஏப்ரல் 11ஆம் திகதி அதே மைதானத்தில் கொல்கத்தாவுக்கு எதிராக 20 ஓவரில் 103 ஓட்டங்கள்தான் வந்தன. கொல்கத்தா அதை 10.1 ஓவரில் எட்டிவிட்டது. ஏப்ரல் 25ஆம் திகதி ஹைதராபாத்தும் முதல் தடவையாகச் சேப்பாக்கத்தில் வென்றது. ஏப்ரல் 30ஆம் திகதி பஞ்சாப்பின் சஹால் ஒரே ஓவரில் நான்கு விக்கெட்டுகளைச் சாய்த்த அன்றோடு அடுத்த சுற்றுக்கான வாய்ப்பும் போய்விட்டது.

அந்த இருளில் வெளிச்சம் காட்டியவர்கள் யார்? 17 வயது ஆயுஷ் மாத்ரே, பெங்களூருக்கு எதிராக 48 பந்துகளில் 94 ஓட்டங்கள் எடுத்தார். தென்னாபிரிக்காவின் டெவால்ட் பிரெவிஸ், கொல்கத்தாவுக்கு எதிராக 25 பந்துகளில் 52 எடுத்து வெற்றிக்கு வழி செய்தார். அந்தப் போட்டியில் உர்வில் பட்டேல் 11 பந்துகளில் 31 எடுத்தார். கடைசிப் போட்டியில் குஜராத்தை 83 ஓட்டங்களால் வென்றபோதும் இந்த மூவரும் அடித்து ஆடினார்கள். ஆனால் மூவரில் ஒருவரைக்கூடச் சென்னை ஏலத்தில் எடுக்கவில்லை. கெய்க்வாட் விலகியதால் மாத்ரே வந்தார். குர்ஜப்னீத் சிங் விலகியதால் பிரெவிஸ் வந்தார். வன்ஷ் பேடி விலகியதால் உர்வில் வந்தார். 2023இலிருந்தே அணியில் இருந்த ஷேக் ரஷீத்துக்கு முதல் போட்டி கிடைத்தது 2025 ஏப்ரல் 14ஆம் திகதி, ஐந்து தோல்விகளுக்குப் பிறகு.

இது ஓர் ஆண்டின் தற்செயல் என்றால் விட்டுவிடலாம். 2020ஐ நினைத்துப் பாருங்கள். சென்னை முதல் தடவையாக அடுத்த சுற்றுக்குப் போகாமல் ஏழாமிடத்தில் முடித்த ஆண்டு அது. எல்லாம் கைவிட்டுப் போன நிலையில்தான் கெய்க்வாட்டுக்குத் தொடர்ந்து இடம் கொடுத்தார்கள். அவர் கடைசி மூன்று போட்டிகளிலும் அரைச்சதம் அடித்தார். மறு ஆண்டு 635 ஓட்டங்களோடு தொடரிலேயே அதிக ஓட்டம் எடுத்தவர் அவர்தான். கிண்ணமும் சென்னைக்கு வந்தது. 2022இல் நான்கே வெற்றிகளோடு ஒன்பதாமிடம். அந்த ஆண்டு அடம் மில்ன் காயப்பட்டதால் வந்து சேர்ந்தவர்தான் நம் பத்திரன. மறு ஆண்டு அவர் 19 விக்கெட்டுகள் எடுத்தார். கிண்ணம் மீண்டும் சென்னைக்கு வந்தது. வேறு வழியில்லாமல் இளையவனை உள்ளே விட்ட இரண்டு தடவையும் அடுத்த ஆண்டே பலன் கிடைத்திருக்கிறது. பிறகு ஏன் ஒவ்வொரு தடவையும் தோல்வி வரும்வரை காத்திருக்கிறோம்?

அனுபவத்தை நான் குறைத்துப் பேசவில்லை. 2018இல் முப்பதைத் தாண்டியவர்கள் நிறைந்த அணி என்று எல்லோரும் பேசிய அதே சென்னைதான் கிண்ணம் வென்றது. இறுதிப் போட்டியில் ஷேன் வொட்சன் 57 பந்துகளில் 117 ஓட்டங்கள் எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றார். 2025இலும் லக்னோவுக்கு எதிரான போட்டியை முடித்து வைத்தது டோனியின் 11 பந்து 26 ஓட்டங்கள்தான். மூத்தவர் தேவை. ஆனால் அவர் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ள ஒரு சின்னவனும் களத்தில் இருக்க வேண்டும்.

தோல்விக் காலத்தை எப்படிப் பயன்படுத்துவது என்பதற்கு வேறொரு விளையாட்டைப் பாருங்கள். அமெரிக்காவின் பேஸ்போலில் ஓர் அணி ஒரு பருவத்தில் 162 போட்டிகள் ஆடும். சிக்காகோ கப்ஸ் அணி 2012இல் 101 போட்டிகளில் தோற்றது. அணியைப் புதிதாகக் கட்டப்போகிறோம் என்று சொல்லி, பெயர் பெற்ற ஆட்டக்காரர்களைக் கொடுத்து இளையவர்களை வாங்கி, தோல்வியைப் பொறுத்துக்கொண்டார்கள். 2016இல் பேஸ்போலின் உச்சப் பட்டமான உலகத் தொடரை வென்றார்கள். அந்த அணிக்கு அது 1908க்குப் பிறகு கிடைத்த முதல் பட்டம். அதே நகரத்தின் வைட் சொக்ஸ் அணி 2024இல் 121 போட்டிகளில் தோற்றது. நவீன காலத்தில் ஒரு பருவத்தில் அதைவிட அதிகப் போட்டிகளில் எந்த அணியும் தோற்றதில்லை. தோல்வி தானாக எதையும் கற்பிப்பதில்லை. அந்தத் தோல்விக்குள் அடுத்த அணியைத் திட்டமிட்டு வளர்த்தால்தான் அதற்கு மதிப்பு.

தேயிலை மலையில் இதைச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. ஒரு மலையின் செடி கிழடு தட்டினால் பிடுங்கி, மண்ணைத் தேற்றி, புதுக்கன்று நட்டு, கொழுந்து பறிக்கச் சில ஆண்டுகள் ஆகும். அதனால்தான் நன்றாக நடக்கும் தோட்டத்தில் மற்ற மலைகள் கொழுந்து தந்துகொண்டிருக்கும்போதே ஒரு மலையில் புது நடுகை நடக்கும். எல்லா மலையும் ஓய்ந்த பிறகு நடத் தொடங்கினால் இடைப்பட்ட காலத்தில் மடுவத்துக்கு நிறுக்கக் கொண்டுபோகக் கொழுந்தே இருக்காது.

ஆனால் இதைத் தெரிந்த நாங்களே மைதானத்தில் வேறு மாதிரி நடந்துகொள்கிறோம். எங்கள் பக்கத்து மென்பந்து அணிகளில் மாமாவும் சித்தப்பாவும்தான் முதலில் மட்டை பிடிப்பார்கள். ஆறு பேர் ஆடும் ஐந்து ஓவர் போட்டியில் ஆறாவதாக நிற்பவனுக்கு மட்டை பிடிக்க வாய்ப்பே வராது. "நீ சின்னவன்தானே, அடுத்த வருஷம் பாப்போம்டா" என்பார்கள். மரியாதைக்கு அவனும் வாய் திறக்க மாட்டான். இடது கையால் ஆடும் ஒரு பையன் எங்களிடம் இருந்தான். ஈரப் பந்தைக்கூட ஆற்றுப் பக்கம் தூக்கி அடிக்கிற தோள் அவனுக்கு. சுற்றுப்போட்டிக்குச் சுற்றுப்போட்டி எல்லைக்கோட்டில் பந்து பொறுக்கியே அவன் காலம் போனது. சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் புறக்கோட்டையில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போய்விட்டான். அந்த அடுத்த வருஷம் அவனுக்கு வரவேயில்லை. எங்கள் ஊர்களில் ஒரு பையனின் விளையாட்டுக் காலம் பதினாறு, பதினேழு வயதோடு முடிந்துவிடுகிறது. காத்திருக்கச் சொல்ல நமக்கு நேரமில்லை.

2025 டிசம்பர் ஏலத்தில் சென்னை, சர்வதேசப் போட்டியே ஆடாத பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா இருவருக்கும் தலா 14.20 கோடி இந்திய ரூபாய் கொடுத்தது. நல்ல மாற்றம், வரவேற்கிறேன். ஆனால் ஏலத்தில் பணம் கொடுப்பது ஒன்று, பதினொருவரில் இடம் கொடுப்பது இன்னொன்று. நான்கு போட்டிகளில் அவர்கள் சொதப்பினாலும் ஐந்தாவதிலும் ஆட விட வேண்டும். மூத்தவருக்குக் காட்டிய பொறுமையில் பாதியையாவது இளையவருக்கும் காட்ட வேண்டும்.

சென்னை அணிக்கு நான் சொல்லி நடக்கப்போவதில்லை. பொல்பிட்டியவிலும் கினிகத்தேனையிலும் நோட்டன் பிரிட்ஜிலும் ஹட்டனிலும் கழகம் நடத்துகிறவர்களுக்குச் சொல்லலாம். சித்திரைப் புத்தாண்டுச் சுற்றுப்போட்டிக்கு விதிமுறை எழுதும்போது ஒரு வரி சேருங்கள். ஒவ்வோர் அணியிலும் பதினெட்டு வயதுக்குட்பட்ட இருவர் இருக்க வேண்டும், அவர்களில் ஒருவர் முதல் இரண்டு இடங்களுக்குள் துடுப்பெடுத்தாட வேண்டும், மற்றவர் ஓர் ஓவராவது வீச வேண்டும். இதற்கு மைதானமும் வேண்டாம், அமைச்சரின் நிதியும் வேண்டாம். மாமாவும் சித்தப்பாவும் மனது வைத்தால் போதும்.