பேழையில் பொன், கையில் அலுமினியம்

பளபளக்கிறது பொற்காசு! புதிதாக விடுதலை பெற்ற மேற்கு ஆப்பிரிக்க நாட்டின் பெயர் அதிலே. பட்டு விரித்த பேழையிலே படுத்திருக்கும் அந்தக் காசின் மீது ஒரு சிறு சொல்: 'எஸ்ஸே'. சோதனை என்பது அந்தப் பிரெஞ்சுச் சொல்லின் பொருள். அச்சு சரியாக விழுகிறதா என்று பார்க்க அடிக்கப்படும் காசு! அதற்குப் பொன் எதற்கு? அலுமினியம் போதாதா? போதும், தோழர்களே! பொன்னில் அடித்தது பெரிய மனிதருக்குப் பரிசளிக்க. பணம் படைத்தோர் பூட்டி வைக்க.

மக்களுக்கு? 1961-ஆம் ஆண்டு பொறித்த மேற்கு ஆப்பிரிக்க ஒரு பிராங்க் காசை எடுத்துப் பாருங்கள். அலுமினியம்! அதன் முகத்திலே வேளா மீன். வெறும் மீனன்று அது. அக்கான் இன மக்கள் பொற்பொடியை நிறுக்க வைத்திருந்த எடைக்கல்லின் வடிவம். பொன்னை நிறுத்து வாணிபம் செய்தவன் பேரனுக்கு எடைக்கல்லின் படம் மிஞ்சிற்று! நாணயம் அடிக்கும் இடத்தைத் தங்கசாலை என்போம் நாம். பாரிசின் தங்கசாலை இவனுக்கு மட்டும் அலுமினியச் சாலை.

ஆம், அடித்தது பாரிசில்தான். கொடி புதிது, பண் புதிது. காசடிக்கும் கூடம் பழைய எசமானுடையது. பணத்தின் பெயராவது மாறிற்றா? 1945-இல் 'சி.எஃப்.ஏ.' என்றால் ஆப்பிரிக்கப் பிரெஞ்சுக் குடியேற்றங்கள். விடுதலைக்குப் பின் அதே மூன்றெழுத்துக்கு 'ஆப்பிரிக்க நிதிச் சமூகம்' என்று புத்துரை எழுதினர். கெட்டிக்காரர்கள்! எழுத்தும் மாறவில்லை, பிடியும் தளரவில்லை. அயல்நாட்டுச் செலாவணி இருப்பில் 1973 முதல் 65 விழுக்காடும், 2005 முதல் பாதியும் பிரெஞ்சுக் கருவூலத்தில் வைத்தாக வேண்டும். அந்தக் கட்டாயம் நீங்க 2021 ஆயிற்று.

'மதிப்பு நிலைத்து நின்றதே!' என்று வக்காலத்து வாங்குவோர் உண்டு. நின்றதா? 1994 சனவரியில், 50 தந்து வாங்கிய பிரெஞ்சு பிராங்குக்கு 100 தர வேண்டியதாயிற்று. ஒரே ஆணையில் பாதி போயிற்று!

அன்னியன் மீது மட்டும் பழியைப் போட்டுவிட்டு நம்மவன் என்று ஆள்வோனை விட்டுவிடலாமா? கூடாது. மாலி 1962-இல் தனிப்பணம் கண்டது, துணிவுதான், பாராட்டலாம். ஆனால் 1967-ஐப் பாருங்கள். குடியரசுத் தலைவர் மொதிபோ கெய்த்தாவின் முகம் பொறித்த பொற்காசுகள் அந்த ஆண்டின் பெயரால் வெளிவந்தன. அதே ஆண்டு மே மாதத்தில்தான் மாலி பிராங்கின் மதிப்பு பாதியாக வெட்டப்பட்டது! தலைவர் முகம் பொன்னில். குடிமகன் கைக்காசு மண்ணில். 1968 நவம்பரில் படைத்துறை அவரை இறக்கிவிட்டது. அந்தப் பொற்காசோ, சேகரிப்போர் பேழையிலே நலமாக இருக்கிறது.