ஓடமும் பூக்குடலையும்

கல்கி 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் எழுதிய 'பொன்னியின் செல்வ'னைச் சேகரித்துத் தைத்து வைத்த மயிலாப்பூர் வீடுகள் பல. ஆதித்த கரிகாலன், குந்தவை, அருள்மொழி ஆகிய உடன்பிறந்தோரில் யார் உயர்ந்தவர் என்னும் வழக்கு அங்கே ஓய்வதில்லை. நாம் அதில் கட்சி சேருவதற்கில்லை. நம் மனம் கோடிக்கரையிலுள்ள வேறோர் அண்ணன் தங்கையையே சுற்றுகிறது.

மனைவி ராக்கம்மாளின் பொன்னாசைக்குத் தலையாட்டிச் சதிகாரரை இலங்கைக்கு ஏற்றிச் செல்கிறான் முருகய்யன். தங்கை பூங்குழலியோ, புயலில் தத்தளித்த இளவரசரையே கரை சேர்க்கிறாள். சோழ குலத்தின் கதி அந்தத் துடுப்பில் அன்றோ இருந்தது!

சேந்தன் அமுதன் சங்கதி இன்னும் பெரிது. வாய் பேசாத வாணி அம்மை வளர்த்த பிள்ளை. தஞ்சைத் தளிக்குளத்தார் ஆலயத்தில் புஷ்ப கைங்கரியம் செய்பவன். முடிவில் செம்பியன் மாதேவியின் புதல்வனென்று தெரிந்து, உத்தம சோழனாக முடி சூடுகிறான். ஓடக்காரி பட்டத்து ராணியாகிறாள். உத்தம சோழர் சரித்திர புருஷர்தாம். அவருக்குப் பின்னரே 985-ல் ராஜராஜர் பட்டமேறினார். பூக்குடலை மட்டும் கல்கியின் சிருஷ்டி. 'பிறப்பால் அரசன்தானே?' என்பாரும் உண்டு. இருக்கட்டும், குடிசையில் வளர்ந்த குணம் அன்றோ நம்மைக் கவர்கிறது?

2023-ல் வந்த மணிரத்னத்தின் படத்தில் மகுடம் மதுராந்தகருக்கே போய்விட்டது. சினிமாவில் கதையைக் குறைக்கத்தான் வேண்டும். ஆனால் கத்தரி ஏன் குடிசைப் பக்கமே திரும்புகிறது? படம் பார்த்துவிட்டுப் புத்தகத்தைத் தேடும் இளைஞர்கள் ஐந்தாம் பாகம் வரை பொறுமையாய்ப் படிக்கட்டும். பூக்காரப் பிள்ளை அங்கே காத்திருக்கிறான்.