உலக முடிவுக்கு நாள் குறிக்கலாமா?

ஊழி பற்றிய சிந்தனை பல சமயங்களிலும் உண்டு. சைவர் அதனைச் சங்காரம் என்பர். கிறித்தவர் இறுதிநாள் என்பர். அந்நாள் எதுவென்று விரல்விட்டு எண்ணத் தொடங்கும்போதே இடர் உண்டாகின்றது. விவிலிய மொழிபெயர்ப்பிற் பேர்சிவல் பாதிரியாருக்கு உதவிய நாவலர் பெருமான் பிறந்த நாட்டிலே, பிறசமய நூலை ஊன்றிக் கற்றல் புதிய வழக்கமன்று. ஆகவே, இவ்வாரம் அத்தகையதொரு வரலாற்றை எடுத்துரைப்போம்.

அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் வில்லியம் மில்லர் என்னும் கமக்காரர் வாழ்ந்தார். போர்க்களங் கண்டு மீண்ட அவர், 1816ஆம் ஆண்டு தொடக்கம் வேதாகமத்தை வரிவரியாக ஆராய்ந்தார். தானியேல் ஆகமத்தின் எட்டாம் அதிகாரத்தில், 2300 நாட்களின் பின் பரிசுத்த தலம் தூய்மையுறும் என்னும் பொருள்பட ஒரு கூற்று வருகின்றது. நாளொன்றை ஆண்டொன்றாகக் கொண்டு, பாரசீக மன்னன் அர்தசஷ்டா எருசலேம் குறித்துக் கட்டளையிட்ட கி.மு. 457இலிருந்து அவர் எண்ணினார். தூய்மையுறப்போவது இப்பூவுலகே என்றும், கிறித்து மீண்டும் வருங் காலம் 1843 அளவிலே என்றும் முடிவுகட்டினார். 1831 முதல் ஊரூராகச் சென்று போதித்தார்.

குறித்த காலம் கடந்தது. கி.மு.வுக்கும் கி.பி.க்கும் இடையே சுழியாண்டு இல்லையென்று கண்ட அவ்வணியினர், கணக்கைத் திருத்தி, 1844 ஒக்டோபர் 22 என நாளையே வரையறுத்தனர். விளைந்த பயிரை அறுவடை செய்யாது விட்ட கமக்காரரும் அவருள் இருந்தனர். அந்நாள் கழிந்து பொழுது விடிந்தது; உலகம் இருந்தபடியே இருந்தது. விம்மியழுதோர் பலர். மில்லரோ தம் கணிப்புத் தவறியதை மறையாது ஒப்புக்கொண்டார். ஆயினும், 1849இல் இறக்கும்வரை கிறித்துவின் வருகையை எதிர்பார்த்தே இருந்தார்.

பிழை எங்கே நேர்ந்தது? கூட்டல் கழித்தலில் அன்று. நூல் எழுந்த சூழலை மறந்தமையிலேயாம். கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் அந்தியோக்கு மன்னன் எருசலேம் ஆலயத்தை மாசுபடுத்தி யூதரை வருத்திய காலத்திலேயே தானியேல் ஆகமம் இன்றைய வடிவம் பெற்றது என்பது ஆராய்ச்சியாளர் பலரின் துணிபு. துன்புற்ற மக்களுக்கு, இக்கொடுமைக்கு ஓர் எல்லை உண்டு என்று அவ்வெண் ஆறுதல் கூறிற்று. கி.மு. 164இல் ஆலயம் மீண்டுந் தூய்மை பெற்றது. உரோமப் பேரரசின் கீழ் வாழ்ந்த ஆசியாவின் ஏழு சபைகளுக்கு வரையப்பெற்ற வெளிப்படுத்தின விசேஷமும் அத்தகையதே. அழுவாரைத் தேற்ற எழுந்த வாக்கைப் பஞ்சாங்கமாகக் கொள்ளுதல் தகுமா?

அந்த நாளையும் நாழிகையையும் பிதா ஒருவரே அறிவார் என்று மத்தேயு சுவிசேஷத்தின் 24ஆம் அதிகாரத்தில் இயேசுவே கூறுகின்றார். அடுத்த அதிகாரமோ, இறுதித் தீர்ப்பிலே கேட்கப்படுவது யாதென விளக்குகின்றது. பசித்தவனுக்கு உணவளித்தாயா, நோயாளியைப் பார்த்தாயா, சிறையிலிருந்தவனிடம் சென்றாயா என்பனவே அங்கு வினாக்கள். நாளைச் சரியாகக் கணித்தாயா என்ற வினா அங்கு இல்லை. எச்சமயத்தவராயினும் நாம் மனங்கொள்ள வேண்டியது இதுவன்றோ?